எக்ஸ்பி செத்த பிறகும் ஓடிய ஏடிஎம்கள்

வங்கி உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்புகிறது. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலும் அதே கதைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர், டியூஷன் எடுக்கும் டீச்சரம்மா, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாடி வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு என்னிடம் ஒரே கேள்வி: "சார், இதை மாத்தியே ஆகணுமா? நல்லாத்தானே ஓடுது?"

பி.காம். படித்துவிட்டுக் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் யோசித்துப் பார்த்தால், இதற்கு பதில் சொல்ல வங்கிக்காரனுக்குக் கொஞ்சம் அருகதை உண்டு. "நல்லாத்தானே ஓடுது" என்ற இந்த வாசகத்தை இந்திய வங்கிகள் நாற்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

பேரேட்டுக் காலம்

கொஞ்சம் பின்னால் போவோம். நிதித்துறையில் கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பு முதலில் எழுந்தது எல்ஐசியில். 1960களில் கல்கத்தாவில் கம்ப்யூட்டர் வைக்க முயன்றபோது ஊழியர்கள் கட்டடத்தையே இரவு பகலாகக் காவல் காத்து இயந்திரத்தை உள்ளே விடாமல் தடுத்தார்கள். இயந்திரம் வந்தால் வேலை போகும் என்ற பயம்.

வங்கிகளில் கதவு திறந்தது 1983-ல். இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் அந்த ஆண்டு ஓர் ஒப்பந்தம் போட்டன. எந்தெந்த வேலைக்கு இயந்திரம் வரலாம் என்று வரையறை செய்து, யாருக்கும் வேலை போகாது என்ற உறுதியோடு போட்ட ஒப்பந்தம். 1987-லும் 1993-லும் அடுத்தடுத்து இரண்டு ஒப்பந்தங்கள் வந்தன. இதே காலத்தில் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் இரண்டு குழுக்கள் அமைந்தன. முதல் குழுவின் அறிக்கை 1984-ல், இரண்டாவது 1989-ல். இன்று நாம் பார்க்கும் வங்கிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மூலப் பத்திரம் இந்த இரண்டு அறிக்கைகள்தான்.

அப்போது வந்த இயந்திரத்துக்கு ஏஎல்பிஎம் என்று பெயர். அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின். கையால் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர் அதையே தட்டச்சு செய்வார். அது கூட்டிக் கழித்து, வட்டி போட்டு, ஸ்டேட்மென்ட் அடித்துத் தரும். அரையாண்டுக் கணக்கு முடிப்பின்போது நாலைந்து நாள் ராத்திரி உட்கார்ந்து வட்டி போட்ட சீனியர்கள் அதைத் தெய்வம் என்றார்கள். பேரேட்டில் முத்து முத்தாக எழுதிப் பெயர் வாங்கியவர்கள் சனியன் என்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு கட்சியிலும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள்!

தொண்ணூறுகளின் கடைசியில் இன்னொரு பக்கத்திலிருந்து உத்தரவு வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் வங்கிகள் தங்கள் வியாபாரத்தில் 70 சதவீதத்தையாவது கணினியில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊழல் ஒழிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கையால் எழுதும் கணக்கில் தாமதம் உண்டு. ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் இடையிலான பதிவுகள் மாதக்கணக்கில் டேலி ஆகாமல் கிடக்கும். அந்த இடைவெளிதான் மோசடிக்காரனுக்கு வாசல்.

பயந்தவர்கள் முட்டாள்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள். அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் மட்டுமே என்று சொல்ல முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல் அத்தனை பேரை அனுப்பிவிட்டு வங்கியை நடத்தியிருக்கவும் முடியாது.

இனிஷியல் பட்ட பாடு

நான் நேரில் பார்த்த பெரிய மாற்றம் கோர் பேங்கிங். அதுவரை ஒவ்வொரு கிளையும் ஒரு தனித்தீவு. கிளைக்குள்ளேயே ஒரு சர்வர் (பல வங்கிகளில் யூனிக்ஸ்), கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. 2000களின் நடுவில் எல்லாக் கிளைகளையும் ஒரே மையத்தோடு இணைத்தார்கள். நான் அப்போது தென் தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். எந்த வங்கி, எந்த மென்பொருள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

மாற்றும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தலைமைக் காசாளர் ஒரு காரியம் செய்தார். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து, கட்டுக் கட்டாக நூல் போட்டுக் கட்டி, ஸ்ட்ராங் ரூமில் வைத்தார். இளவட்டங்கள் எல்லாம் சிரித்தார்கள். திங்கட்கிழமை காலை புது முறையில் உள்ளே போனால், இருப்பு எல்லாம் சரியாக வந்திருந்தது, பெயர்கள்தான் போயிருந்தன. புது மென்பொருள் முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அந்த ஒற்றை எழுத்து சிலருக்கு முன்னால் போயிற்று, சிலருக்குப் பின்னால் போயிற்று, சிலருக்குக் காணாமலே போயிற்று. காசோலையில் உள்ள பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. ஓய்வூதியம் வாங்க வந்த பெரியவர்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, அந்த நூல் கட்டைப் பிரித்துத்தான் ஒவ்வொருவராகச் சரிபார்த்தோம்.

மாற்றத்தைத் தடுக்காமல், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாமல், பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்ட அந்தக் காசாளர் போன்றவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருந்திருப்பார்கள். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களைக் கண்டுகொள்வதில்லை.

ஏடிஎம் என்பது ஒரு கம்ப்யூட்டர்

இனி ஏடிஎம். உலகின் முதல் ஏடிஎம் 1967-ல் லண்டன் பக்கம் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்தது. இந்தியாவுக்கு வந்தது 1987-ல், மும்பையில், எச்எஸ்பிசி வங்கி மூலம். பலர் அதைப் பணப்பெட்டி என்றே நினைக்கிறார்கள். பெட்டிதான். ஆனால் பெட்டியின் தலைக்குள் இருப்பது சாதாரணக் கம்ப்யூட்டர். உங்கள் மேசையில் இருப்பது போலவே பிராசசர், நினைவகம், ஹார்ட் டிஸ்க், அதன் மேல் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம்.

தொண்ணூறுகளில் உலகெங்கும் ஏராளமான ஏடிஎம்களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தையில் விண்டோஸிடம் தோற்றுப்போன ஓஎஸ்/2, ஏடிஎம் கூண்டுக்குள் நிம்மதியாகப் பல வருடம் வாழ்ந்தது. 2006 டிசம்பரோடு ஐபிஎம் அதன் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாக இயந்திரங்கள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறின. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பி அப்போது எங்கும் நிறைந்த பரம்பொருள்.

அந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கடைசி நாள் 2014 ஏப்ரல் 8. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க மாட்டோம் என்று வருடக்கணக்காக முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். (எக்ஸ்பியின் 'எம்பெடட்' வகைகளுக்குக் கூடுதல் அவகாசம் இருந்தது. ஒன்றுக்கு 2016 ஜனவரி வரை, இன்னொன்றுக்கு 2019 ஏப்ரல் வரை. சாதாரண எக்ஸ்பி போட்ட இயந்திரங்களுக்கு அது பொருந்தாது.) அந்த நாள் வந்தபோது உலகின் ஏடிஎம்களில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஏன் மாற்றவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

ஏடிஎம்முக்குள் அடுக்கு அடுக்காக மென்பொருள் இருக்கிறது. அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் மேல் நோட்டு எண்ணும் பாகம், அட்டை படிக்கும் பாகம், ரசீது அச்சடிக்கும் பாகம் இவற்றோடு பேசும் டிரைவர்கள். அதற்கும் மேல் எக்ஸ்எஃப்எஸ் என்ற பொது மொழி. எந்தக் கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் ஒரே மாதிரி கட்டளை கொடுக்க ஏற்பட்டது. அதன் மேல்தான் நீங்கள் பார்க்கும் திரை. அந்தப் பக்கம் வங்கியின் ஸ்விட்ச், அதற்குப் பின்னால் கோர் பேங்கிங். அடியில் உள்ள கல்லை உருவினால் மேலே உள்ள எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஐநூறு கேட்டவருக்கு ஐநூறுதான் வருகிறதா, பாதியில் கரண்ட் போனால் கணக்கில் கழிந்த பணம் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாக. ஒரு வங்கியில் மூன்று நான்கு கம்பெனி இயந்திரங்கள் இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிச் சோதனை.

இன்னொன்று, எக்ஸ்பிக்குப் போதுமான பழைய பிராசசரும் நினைவகமும் விண்டோஸ் 7-க்குப் போதாது. அப்போது தலையையே மாற்ற வேண்டும். அதாவது ஆள் நேரில் போய், கூண்டைத் திறந்து, பெட்டியைக் கழற்றி. நெடுஞ்சாலை ஓரத்தில், பெட்ரோல் பங்கில், மலையூரில் வி-சாட் தட்டை நம்பி ஓடும் இயந்திரங்களுக்கு இங்கிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்புவதுகூடப் பெரும்பாடு.

இந்தப் பிரச்சினை கிளைக்குள்ளும் இருந்தது. எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ல் மட்டுமே திறக்கும்படி எழுதப்பட்ட உள்துறை மென்பொருள்கள் பல நிறுவனங்களில் இருந்தன. அவற்றை எழுதிய ஆட்கள் வேலை மாறிப் போயிருப்பார்கள். விண்டோஸை மாற்றினால் அது திறக்காது. அதைத் திருத்த ஆள் கிடையாது. ஆக, எதையும் தொடாதே!

கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து

இந்த இடத்தில் பெங்களூரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 19-ஆம் தேதி காலை, கார்ப்பரேஷன் சர்க்கிள் பக்கம் ஓர் ஏடிஎம் அறைக்குள் ஒரு பெண்ணை ஒருவன் அரிவாளால் வெட்டினான். கேமராவில் பதிவான அந்தக் காட்சி நாடெங்கும் ஓடியது. ஊரே கொதித்தது. காவலாளி இல்லாத ஏடிஎம்களை மூடுங்கள் என்று போலீஸ் கெடு விதித்தது, பல நூறு ஏடிஎம்கள் மூடப்பட்டன. வங்கிகள் அவசர அவசரமாகக் காவலாளிகளைப் போட்டன. நியாயமான கோபம், நியாயமான செலவு.

அதற்கு ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் 2014 ஏப்ரல் 8 வந்தது. அதே ஏடிஎம்களின் உள்ளே இருந்த காவலாளி அன்றைக்கு ரிட்டையர் ஆனார். யாரும் கொதிக்கவில்லை. எந்த இயந்திரமும் மூடப்படவில்லை. திரையில் அதே பச்சைக் கோடு, அதே 'தங்கள் கார்டைச் செருகவும்'. ஏனென்றால் எல்லாம் நல்லாத்தானே ஓடிக்கொண்டிருந்தது!

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரிட்டிஷ் அரசு 2014-ல் 55 லட்சம் பவுண்டுக்கு மேல் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்து, எக்ஸ்பிக்கு ஒரே ஒரு வருடம் கூடுதல் ஆயுள் வாங்கியது. கடனை அடைக்க முடியாதவர் வட்டியை மட்டும் கட்டி நோட்டைப் புதுப்பிக்கிற மாதிரி. அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கவில்லை.

நோட்டு மாறியது, வைரஸ் வந்தது

நம் ஊருக்கு வருவோம். 2016 நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போனது. புது நோட்டுகளின் அளவு வேறு. நாட்டின் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஏடிஎம்களையும் ஆள் நேரில் போய்த் திறந்து, பணத்தட்டுகளை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பியை மாற்ற வருடக்கணக்கில் முடியாமல் இருந்த 'ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஆள் போவது' என்ற வேலையை, இதற்காகச் சில வாரங்களில் செய்தார்கள். பிறகு 2017-ல் இருநூறு ரூபாய் நோட்டு, 2018-ல் புது நூறு ரூபாய். ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு சுற்று. முடியாதது என்று எதுவும் இல்லை. யார் சொல்கிறார்கள், எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

2017 ஏப்ரல் 17-ல் ரிசர்வ் வங்கி, எக்ஸ்பியிலும் ஆதரவு முடிந்த பிற இயங்குதளங்களிலும் ஓடும் ஏடிஎம்கள் குறித்துக் கவலை தெரிவித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 12-ல் வானாகிரை வந்தது.

வானாகிரை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் திணறின. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகள் உட்பட ஆங்காங்கே பாதிப்பு. செத்துப்போன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு ஒட்டு வெளியிட வேண்டி வந்தது.

ஆனால் ஒன்று. வானாகிரை பிடித்த கம்ப்யூட்டர்களில் மிகப் பெரும்பான்மை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7! அதற்கான ஒட்டு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ல் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். புது இயங்குதளம் வாங்கினால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு வருடம் கழித்தும் வங்கிகள் நகரவில்லை. 2018 ஜூன் 21-ல் ரிசர்வ் வங்கி மறுபடி எழுதியது. இந்த மெத்தனத்தைக் கடுமையாகப் பார்க்கிறோம் என்று சொல்லி, ஒரு கால அட்டவணையையும் இணைத்தது:

- 2018 ஆகஸ்ட்: பயாஸுக்குக் கடவுச்சொல், யுஎஸ்பி துளைகளை முடக்குதல், ஆட்டோ ரன்னை நிறுத்துதல்
- 2018 செப்டம்பர்: குறைந்தது 25 சதவீத ஏடிஎம்களில் ஆதரவு உள்ள இயங்குதளம்
- 2018 டிசம்பர்: 50 சதவீதம்
- 2019 மார்ச்: 75 சதவீதம், கார்டு திருட்டைத் தடுக்கும் ஏற்பாடும், அனுமதித்த மென்பொருள் மட்டும் ஓடும் ஏற்பாடும் அதற்குள்
- 2019 ஜூன்: 100 சதவீதம்

முதல் வரியைக் கவனியுங்கள். இதில் எதற்கும் புது விண்டோஸ் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. 2014-லேயே செய்திருக்கலாம்.

1535 நாள் வராக்கடன்

இப்போது என் தொழில் பாஷையில் ஒரு கணக்கு. ஒருவர் கடனுக்கு 90 நாள் வட்டியோ தவணையோ கட்டாவிட்டால் அது வராக்கடன். கிளை மேலாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அப்படித்தான் வகைப்படுத்த வேண்டும், லாபத்திலிருந்து அதற்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். 2014 ஏப்ரல் 8-லிருந்து 2018 ஜூன் 21 வரை எத்தனை நாள்? 1535. இத்தனை நாள் தவணை தவறிய ஒரு விஷயத்துக்கு எந்த வங்கியின் இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரு வரி கிடையாது, ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. செலவு செய்யாமல் விட்டது அந்தந்த வருடத்து லாபமாகவே தெரிந்திருக்கும். தள்ளிப்போட்டவர் அடுத்த பதவிக்குப் போயிருப்பார். தள்ளிப்போட்டதன் பலன் அடுத்து வந்தவர் தலையில்.

ஏன் தள்ளிப்போட்டார்கள் என்பதற்கும் கணக்கில்தான் விடை. ஒரு வங்கியின் கார்டை இன்னொரு வங்கி ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்தால், கார்டு வங்கி ஏடிஎம் வங்கிக்கு ஒரு கட்டணம் தரும். இன்டர்சேஞ்ச் என்பார்கள். 2012 முதல் அது 15 ரூபாய். இடையில் வாடகை ஏறியது, காவலாளி வந்தார், கரண்ட் ஏறியது, பணம் நிரப்பும் வண்டிக்கு விதிமுறைகள் கூடின. 15 ரூபாய் மட்டும் 15 ரூபாயாகவே இருந்தது. 17 ஆனது 2021 ஆகஸ்டில், 19 ஆனது 2025 மே மாதத்தில். ஏடிஎம்மைப் பல இடங்களில் நடத்துவதும் வங்கி இல்லை, ஒப்பந்த நிறுவனங்கள். புது இயங்குதளத்துக்கு யார் பணம் தருவது, வங்கியா, ஒப்பந்ததாரரா? ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. 2018 நவம்பரில் அந்த நிறுவனங்களின் கூட்டமைப்பு, இத்தனை செலவையும் எங்கள் தலையில் கட்டினால் நாட்டில் உள்ள 2.38 லட்சம் ஏடிஎம்களில் 1.13 லட்சம் 2019 மார்ச்சுக்குள் மூடப்படலாம் என்று எச்சரித்தது. அவ்வளவும் மூடப்படவில்லை. ஆனால் அந்தக் குரல் வெறும் மிரட்டல் இல்லை. மாற்றத்தின் செலவை ஏற்க ஆள் இல்லாதபோது, முதலில் போவது லாபம் குறைந்த இடத்து இயந்திரம். கிராமத்து இயந்திரம், முதியோர் பென்ஷனுக்கு வரிசையில் நிற்கும் இயந்திரம்.

புதுசு வந்தால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி அட்டவணை போட்ட அதே 2018-ன் ஆகஸ்டில், புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் இரண்டு மூன்று நாளில் 94 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. திருடர்கள் எந்த ஏடிஎம்மையும் உடைக்கவில்லை. அட்டைகளுக்கு ஒப்புதல் தரும் ஸ்விட்ச்சைப் போலவே ஒரு போலியை நிறுவி, 28 நாடுகளில் ஒரே நேரத்தில் பணம் எடுத்தார்கள். ஏடிஎம்மில் எந்த விண்டோஸ் இருந்திருந்தாலும் அது தடுத்திருக்காது.

எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு மாறியவர்கள் கதை இன்னும் பரிதாபம். 2019 ஜூன் கெடுவுக்குள் முடித்து மூச்சு விடுவதற்குள், 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-ன் ஆதரவு முடிந்தது. ஏழு மாதம்! தாமதமாக மாறுகிறவனுக்குப் புதியது கிடைப்பதில்லை, அடுத்து காலாவதியாகப் போவதுதான் கிடைக்கிறது.

சரி, ஜோகுபாளையத்துக்கு என்ன பதில்?

என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தகுதிகள் உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசசராவது வேண்டும். அது இருந்தால் யோசிக்காமல் மாறிவிடலாம். இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு ஒட்டுகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது நோட்டைப் புதுப்பிப்பது மாதிரி, கடன் தீர்ந்ததாக ஆகாது. வெறும் டைப்பிங்கும் பிரிண்டும் என்றால் லினக்ஸ் போடலாம். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரரின் பழைய பிரிண்டர் அதில் வேலை செய்யுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவும் முடியாதென்றால், அந்தக் கம்ப்யூட்டரில் இனி வங்கி வேலை வேண்டாம், நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள் என்பதே என் ஆலோசனை. ஏடிஎம்களைப் பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம். அவற்றுக்கென்று உள்ள நீண்டகால விண்டோஸ் 10 வகைகளுக்கு, வகையைப் பொறுத்து 2026, 2029, 2032 என்று கெடு இருக்கிறது.

எது செய்தாலும் முதலில் ஃபோட்டோ, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். எங்கள் தலைமைக் காசாளரின் நூல் கட்டுதான் அது, வேறொன்றும் இல்லை.

அப்புறம் ஒரு பழக்கம். வாங்குகிற அன்றைக்கே, இது எந்த வருடம் காலாவதி ஆகும் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக்கு மாதம் நூறு இருநூறு என்று ஒதுக்குங்கள். மாற்றம் வரும்போது பயம் வருவது இயற்கை. பாதிப் பயம் புதுசைப் பற்றியது, பாதிப் பயம் கையில் பணம் இல்லாததைப் பற்றியது. இரண்டாவது பாதிக்கு வங்கிக்காரனிடம் மருந்து உண்டு. வங்கிகளே அதைச் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம் :-)

கொசுறு: எக்ஸ்பியை இத்தனை வசை பாடியாகிவிட்டது, ஒரு நன்றியும் சொல்லிவிடலாம். விண்டோஸ் 98 காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பூச்சி பூச்சியாகத்தான் தெரியும். யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000-லும் எக்ஸ்பியிலும்தான் கூடவே வந்தன. எக்ஸ்பியில்கூட ரீஜனல் செட்டிங்கில் போய் ஒரு டிக் போட்டு, சிடியைச் செருகினால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். அந்த டிக்கைப் போட்டுவிட்டுத்தான் நம்மில் பலர் தமிழில் எழுதவே வந்தோம். அன்றைக்கு "98 நல்லாத்தானே ஓடுது" என்று இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவும் மாட்டேன், நீங்கள் படித்திருக்கவும் மாட்டீர்கள்.